எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா: நான்கு வருடத்தில் அடங்காத ஐந்து பாடங்கள்

2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ நகர வாக்குச்சீட்டில் வழக்கத்துக்கு மாறான ஒரு கேள்வி இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா 1 பாடத்தைத் திரும்பக் கொண்டுவரும்படி பள்ளி நிர்வாகத்தை நகரம் வலியுறுத்த வேண்டுமா? வாக்களித்தவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ‘ஆம்’ என்றார்கள். அந்தத் தீர்மானம் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது, வெறும் பரிந்துரைதான். அப்படியும் அத்தனை ஆதரவு.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ படித்தவர்களுக்கு இது புரியாது. ஒரு கணக்குப் பாடத்தை எட்டில் வைத்தால் என்ன, ஒன்பதில் வைத்தால் என்ன? அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோருக்கோ இது வருடம் தவறாமல் வரும் தலைவலி. பள்ளியிலிருந்து வரும் கடிதத்தில் ‘உங்கள் மகள் கணிதம் 7-இல் சேர்க்கப்படுகிறாள்’ என்று ஒரே ஒரு வரி இருக்கும். அந்த வரி அவள் பன்னிரண்டாம் வகுப்பில் என்ன படிப்பாள் என்பதையும் ஏறக்குறைய முடிவுசெய்துவிடுகிறது. அது எப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

## கணக்கு ஒன்றல்ல, ஐந்து

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் எட்டு இயல்கள். இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல், புள்ளியியலும் நிகழ்தகவும் எல்லாம் ஒரே அட்டைக்குள் இருக்கும். எல்லோருக்கும் அதே புத்தகம், அதே பரீட்சை. பிரிவு வருவது பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதுதான். வகையிடலும் தொகையிடலும் தொடங்குவதும் அப்போதுதான்.

அமெரிக்காவில் பெரும்பாலான பள்ளிகளில் இவற்றைத் தனித்தனி வருடப் பாடங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வழக்கமான வரிசை இது:

1. அல்ஜீப்ரா 1: நேரியல் சமன்பாடுகள், சமனின்மைகள், இருபடிச் சமன்பாடுகள், அடுக்குக்குறிச் சார்புகளின் அறிமுகம்.
2. ஜியோமெட்ரி: சர்வசமம், வடிவொப்புமை, நிரூபணம், முக்கோணவியலின் தொடக்கம்.
3. அல்ஜீப்ரா 2: பல்லுறுப்புக்கோவைகள், கலப்பெண்கள், மடக்கை, முக்கோணவியல் சார்புகள்.
4. ப்ரீகால்குலஸ்: இதுவரை படித்த சார்புகளை இன்னும் ஆழமாகப் படித்துக் கால்குலஸுக்குத் தயாராவது.
5. கால்குலஸ் (வகையிடலும் தொகையிடலும்): பெரும்பாலும், காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் ஏபி (AP) பாடமாக, அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடமாக. கால்குலஸில் AB, BC என இரு நிலைகள். BC ஆழமும் நீளமும் கூடியது.

பொதுவாக ஒன்றில் தேறாமல் அடுத்ததற்குப் போக முடியாது. வட கரோலினா, யூட்டா போன்ற மாநிலங்கள் முதல் மூன்றையும் கலந்து கணிதம் 1, 2, 3 என்று நடத்துகின்றன. அங்கேயும் மூன்று வருடம் மூன்று வருடம்தான்.

பிள்ளையின் வகுப்பும் கணக்குப் பாடமும் அங்கே வெவ்வேறு விஷயங்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே பத்தாம் வகுப்பில் ஒருவன் அல்ஜீப்ரா 1 படிப்பான், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் ப்ரீகால்குலஸ் படிப்பாள். சரித்திர வகுப்பில் இருவரும் ஒன்றாக இருப்பார்கள், கணக்குப் பீரியடில் பிரிந்துபோவார்கள்.

## கழித்தல் கணக்கு

உயர்நிலைப் பள்ளி என்பது 9 முதல் 12 வரை, நான்கு வருடம். பாடங்கள் ஐந்து. ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 தொடங்குபவர் பன்னிரண்டில் ப்ரீகால்குலஸோடு நின்றுவிடுவார். மொத்தச் சண்டையும் இந்த ஒரு வருடப் பற்றாக்குறையிலிருந்து வருகிறது. இதைச் சரிக்கட்ட நடைமுறையில் நான்கு வழிகள்:

1. அல்ஜீப்ரா 1-ஐ எட்டாம் வகுப்பிலேயே முடிப்பது.
2. உயர்நிலைப் பள்ளியில் ஒரே வருடம் இரண்டு கணக்குப் பாடம் எடுப்பது, உதாரணமாக ஜியோமெட்ரியும் அல்ஜீப்ரா 2-உம். விருப்பப் பாடம் ஒன்று பறிபோகும். இசையோ ஓவியமோ, அது பிள்ளையின் பாடு.
3. அல்ஜீப்ரா 2-ஐயும் ப்ரீகால்குலஸையும் ஒரே வருடத்தில் அடக்கிய சுருக்கப் பாடம் எடுப்பது.
4. கோடை விடுமுறையில் ஒரு வருடப் பாடத்தைச் சில வாரங்களில் முடிப்பது. பெரும்பாலும் இதற்குக் கட்டணம் உண்டு.

முதல் வழிதான் பழைய வழி, பரவலான வழியும். ஆனால் அதற்குள் இன்னொரு கழித்தல் ஒளிந்திருக்கிறது. எட்டில் அல்ஜீப்ரா 1 படிக்க வேண்டுமானால் 6, 7, 8 ஆம் வகுப்புகளின் கணக்கை இரண்டே வருடத்தில் முடித்திருக்க வேண்டும். ஆக, வேகப் பிரிவில் யார் என்று ஐந்தாம் வகுப்பு முடிவிலோ ஆறாம் வகுப்பு முடிவிலோ தீர்மானமாகிவிடுகிறது. பிள்ளைக்கு அப்போது பதினொன்று, பன்னிரண்டு வயது. கால்குலஸ் என்ற சொல்லே வீட்டில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அப்படியானால் எட்டாம் வகுப்புக் கணக்கை அப்படியே தாண்டிவிடலாமே? 2010-க்கு முன் அது ஓரளவு நடந்தது. அந்த வருடம் வெளியாகிப் பல மாநிலங்கள் ஏற்ற ‘காமன் கோர்’ பாடத்தரம் நிலைமையை மாற்றியது. முன்பு அல்ஜீப்ரா 1-இல் இருந்தவற்றில் ஒரு பகுதி எட்டாம் வகுப்புக்கு இறங்கியது. ஒரு தொட்டியில் ஏற்கனவே 40 லிட்டர் தண்ணீர் இருக்கிறது, நிமிடத்துக்கு 3 லிட்டர் விழுகிறது. இதை அட்டவணையாகப் போட்டு, வரைபடத்தில் கோடாக்கி, அந்தக் கோட்டின் சாய்வு 3 என்றும் அது தொடங்கும் இடம் 40 என்றும் கண்டுபிடித்து, சமன்பாடாக எழுதுவது இப்போது எட்டாம் வகுப்பு வேலை. வாரக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை. அல்ஜீப்ரா 1 ஆசிரியர் இதெல்லாம் கைவந்தது என்று எடுத்துக்கொண்டு இருபடிச் சார்புக்கு ஓடுகிறார். எட்டாம் வகுப்பைத் தாண்டி வந்த பிள்ளை அங்கேதான் திணறும். இடைநிலைப் பள்ளிக் கணக்கை (6 முதல் 8 வரை) சுருக்கிப் படிப்பது ஒன்று, விட்டுவிட்டுப் போவது வேறு. பள்ளிகள் இரண்டையும் ‘அட்வான்ஸ்டு’ என்றே எழுதுவதால் பெற்றோர் ஏமாறுகிறார்கள்.

## கால்குலஸுக்கு ஏன் இந்தத் தவிப்பு

சட்டப்படி பார்த்தால் தவிக்க ஒன்றுமில்லை. கலிபோர்னியாவில் பள்ளிப் படிப்பை முடிக்க மாநிலம் கேட்பது இரண்டு வருடக் கணக்குதான், அதில் அல்ஜீப்ரா 1 இருக்க வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகம் கேட்பது மூன்று வருடம், பரிந்துரைப்பது நான்கு. ஒருசில கல்லூரிகளைத் தவிர, கால்குலஸ் கட்டாயம் என்று இல்லை. பொறியியல் படிப்பின் முதல் செமஸ்டரும் கால்குலஸின் அரிச்சுவடியிலிருந்துதான் தொடங்குகிறது. நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் ஏறக்குறைய பாதியில் கால்குலஸ் நடத்தப்படுவதே இல்லை.

தவிப்பு வருவது சேர்க்கைப் போட்டியிலிருந்து. பெயர்பெற்ற பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் பத்துப் பேரின் மதிப்பெண்ணும் ஒரேபோல இருக்கும்போது, ‘பள்ளியில் கிடைத்த கடினமான பாடத்தை எடுத்தாரா’ என்று பார்க்கிறார்கள். அந்த இடத்தில் கால்குலஸ் ஒரு அடையாளமாகிவிட்டது. அமெரிக்கக் கணிதச் சங்கங்களில் ஒன்றான எம்ஏஏவும் கணித ஆசிரியர்களின் தேசிய மன்றமும் 2012-இல் ஒரு கூட்டறிக்கையில், பள்ளிக் கணக்கின் இறுதிக் குறிக்கோள் பன்னிரண்டாம் வகுப்புக்குள் கால்குலஸை முடிப்பதாக இருக்கக்கூடாது, பிற்காலக் கணிதத்துக்கான அடித்தளம்தான் முக்கியம் என்றன. பெற்றோர் யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்காததில் நியாயமும் இருக்கிறது. அறிக்கை விடுபவர் வேறு, அட்மிஷன் போடுபவர் வேறு. கால்குலஸைக் கட்டாயமாகக் கேட்டுவந்த கால்டெக் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) 2023-இல் ஒரு படி இறங்கிவந்தது. பள்ளியில் கால்குலஸ் கிடைக்காத மாணவர், கான் அகாடமி போன்ற இணைய வழியில் படித்துச் சான்று காட்டலாம் என்றது.

## சான் பிரான்சிஸ்கோ கதவை மூடியபோது

இனி அந்த வாக்குச்சீட்டின் கதை. வேகப் பிரிவு, சாதாரணப் பிரிவு என்று பிரித்தால் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் பெருமளவில் சாதாரணப் பிரிவிலேயே தேங்குகிறார்கள் என்பது நெடுநாள் புகார். புகார் உண்மையும்கூட. சான் பிரான்சிஸ்கோ பள்ளி நிர்வாகம் 2014-15 கல்வியாண்டில் ஒரு முடிவெடுத்தது. எட்டில் யாருக்கும் அல்ஜீப்ரா 1 கிடையாது, எல்லோரும் ஒன்பதில் சேர்ந்தே தொடங்க வேண்டும். கால்குலஸ் வேண்டும் என்பவர்கள் பதினொன்றில் சுருக்கப் பாடம் எடுத்துப் பிடித்துக்கொள்ளலாம்.

சில வருடத்தில் நிர்வாகம் ஒரு வெற்றிச் செய்தி சொன்னது. அல்ஜீப்ரா 1-ஐ இரண்டாம் முறை படிக்க வேண்டியிருந்தவர்கள் 40 விழுக்காடு அளவிலிருந்து 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டார்கள் என்று. கேட்க நன்றாக இருந்தது, நாடு முழுக்க எடுத்துக்காட்டப்பட்டது. ஆனால் விமர்சகர்கள் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். முன்பு அடுத்த பாடத்துக்குப் போக ஒரு மாநிலத் தேர்வில் தேற வேண்டியிருந்தது. புதிய முறை வந்தபோது அந்தத் தேர்வும் இல்லாமல் போனது. பரீட்சையை எடுத்துவிட்டால் ஃபெயிலானவர்கள் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்.

2023-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிதானமாகப் பார்த்தது. ஏபி கணக்குப் பாடங்களில் சேர்வோர் விகிதம் தொடக்கத்தில் 6 விழுக்காட்டுப் புள்ளி சரிந்தது. சரிவு முக்கியமாக ஏபி கால்குலஸில், அதிலும் ஆசிய வம்சாவளி மாணவர்களிடையே. பிற்பாடு சுருக்கப் பாடம் அந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்பியது. எதைக் குறைக்க இத்தனையும் செய்தார்களோ அந்த இன இடைவெளி, மேல்நிலைக் கணக்குப் பாடங்களில் ஏறக்குறைய அப்படியே நின்றது.

ஏன் நின்றது? பள்ளியில் மூடிய கதவு பள்ளிக்கு வெளியே திறந்துகொண்டது என்பதே என் கணிப்பு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் இணையத்தில் பணம் கட்டி அல்ஜீப்ரா 1 முடித்தார்கள், நிர்வாகம் வைத்த சரிபார்ப்புத் தேர்வை எழுதினார்கள், ஒன்பதில் நேராக ஜியோமெட்ரியில் உட்கார்ந்தார்கள். சிலர் தனியார் பள்ளிக்கே போய்விட்டார்கள். எட்டாம் வகுப்பில் இலவசமாகக் கிடைத்த ஒரே வழியை நம்பியிருந்த ஏழை வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைக்குத்தான் நஷ்டம். பணத்தால் எளிதில் வாங்கக்கூடிய ஒன்றை அரசுப் பள்ளியில் நிறுத்துவதால் சமத்துவம் வரும் என்று எப்படி நம்பினார்கள் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

2024 பிப்ரவரியில், வாக்கெடுப்புக்குச் சில வாரம் முன்பே, பள்ளி வாரியம் தன் முடிவைத் திருப்பிக்கொண்டது. அடுத்த கல்வியாண்டிலிருந்து வெவ்வேறு இடைநிலைப் பள்ளிகளில் வெவ்வேறு முறைகளில் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா முன்னோட்டமாகத் திரும்பியது.

## எல்லோருக்கும் திறந்தபோது

அப்படியானால் எல்லாப் பிள்ளைகளையும் எட்டிலேயே அல்ஜீப்ராவில் உட்கார வைத்துவிடலாமா? அதையும் செய்து பார்த்தாயிற்று. வேடிக்கை என்னவென்றால் அதே கலிபோர்னியாவில்.

1997-இல் அம்மாநிலம் வகுத்த பாடத்தரமே அல்ஜீப்ராவை எட்டாம் வகுப்பில் வைத்தது. 2008-இல் மாநிலக் கல்வி வாரியம் அதைக் கிட்டத்தட்டக் கட்டாயமாக்கப் பார்த்தது. நீதிமன்றம் தடுத்தது. ஆனாலும் தள்ளுதல் வேலை செய்தது. 2013 வாக்கில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு எட்டாம் வகுப்பு மாணவர்கள் அல்ஜீப்ராவோ அதற்கு மேலோ படித்தார்கள். பின்னர் வந்த ஆய்வு சொன்னது: சேர்க்கை அதிகம் ஏறிய பள்ளி மாவட்டங்களில் பத்தாம் வகுப்புக் கணக்குத் திறன் கூடவில்லை, குறைந்தது. பெரிய மாவட்டங்களில் பாதிப்பு அதிகம். வட கரோலினாவின் சார்லட் வட்டாரத்திலும் இதே கதை. முன்கூட்டி அல்ஜீப்ராவில் போடப்பட்ட பிள்ளைகள் அதில் மதிப்பெண் குறைவாக வாங்கினார்கள், அடுத்த பாடங்களில் தேறும் வாய்ப்பும் அவர்களுக்குக் கூடவில்லை.

சிகாகோ எடுத்த வழி வேறு. அங்கே 1997 முதல் ஒன்பதாம் வகுப்பில் எல்லோருக்கும் அல்ஜீப்ரா. பலர் தவறினார்கள். 2003-இல், எட்டாம் வகுப்புத் தேர்வில் தேசிய நடுமதிப்புக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தினமும் ஒரு பீரியடுக்குப் பதில் இரண்டு பீரியட் அல்ஜீப்ரா வைத்தார்கள். அந்த நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த மாணவர்களை ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து ஒப்பிட்டார்கள். இரட்டைப் பீரியட் பெற்றவர்களில் பள்ளி முடித்தவர்களும் கல்லூரி சேர்ந்தவர்களும் அதிகம். பாடத்தின் பெயரை மாற்றுவதற்குப் பதில் நேரத்தைக் கூட்டினார்கள். செலவுள்ள வழி, ஆசிரியர்கள் கூடுதலாக வேண்டும். அதனால்தான் இது பரவவில்லை என்று நினைக்கிறேன்.

## பக்கவாட்டில் ஒரு பாதை: டேட்டா சயின்ஸ்

இந்தக் குழப்பத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கால்குலஸ் எல்லோருக்கும் வேண்டாம், இந்தக் காலத்துக்கு டேட்டா சயின்ஸ் (தரவு அறிவியல்) போதும், அல்ஜீப்ரா 2-க்குப் பதிலாக அதை எடுக்கலாம் என்ற யோசனை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் குழு 2020-இல் இதற்குக் கதவைத் திறந்தது. பேராசிரியர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. 2023 ஜூலையில், மாநிலம் தன் புதிய கணித வழிகாட்டியை ஏற்ற அதே மாதத்தில், குழு பின்வாங்கியது.

எதிர்ப்பின் சாரத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 7 விழுக்காடு கூட்டு வட்டியில் போட்ட பணம் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும்? தெரியாத எண் அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கீழே இறக்க மடக்கை வேண்டும். இரண்டின் மடக்கையை 1.07-இன் மடக்கையால் வகுத்தால் சுமார் 10.2 வருடம் என்று வரும். மடக்கை சொல்லித்தரப்படுவது அல்ஜீப்ரா 2-இல். அதை விட்டவர் அட்டவணை போட்டுத் தடவித்தான் விடைக்கு வர வேண்டும். டேட்டா சயின்ஸையே கல்லூரியில் படிக்கப் போகிறவருக்கு மடக்கையும் அணிகளும் தினசரிச் சாப்பாடு. அந்தத் துறையின் பெயரைச் சொல்லி அதன் வாசலையே அடைக்கும் பாடத்தை மாணவருக்கு எளிய வழி என்று விற்றதுதான் தப்பு. அல்ஜீப்ரா 2 முடித்த பிறகு புள்ளியியலோ டேட்டா சயின்ஸோ நான்காம் வருடப் பாடமாக எடுப்பதில் ஒரு குறையும் இல்லை. சமூக அறிவியல், உயிரியல் பக்கம் போகிறவர்களுக்கு ப்ரீகால்குலஸைவிட அது உபயோகமாகவும் இருக்கலாம்.

## யார் தேர்ந்தெடுக்கிறார்கள்

மூடுவதும் சரிவரவில்லை, எல்லோரையும் தள்ளுவதும் சரிவரவில்லை என்றால் மிஞ்சுவது, தகுதியானவர்களைத் தவறவிடாமல் எடுப்பது. இதுவரை அந்தத் தேர்வில் ஆசிரியர் பரிந்துரையும் பெற்றோர் வற்புறுத்தலும் பெரும்பங்கு வகித்தன. பள்ளி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் உள்ளே போனார்கள். நல்ல மதிப்பெண் வாங்கியும் கேட்க ஆளில்லாத பிள்ளைகள் வெளியே நின்றார்கள்.

வட கரோலினா 2018-இல் சட்டமே போட்டது: மாநிலத் தேர்வில் உச்ச நிலை பெற்ற மாணவருக்கு மேம்பட்ட கணக்குப் பாடம் தரப்பட வேண்டும். டெக்சஸ் 2023-இல் இன்னும் தூரம் போனது. ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் மேல் 40 விழுக்காட்டுக்குள் வரும் பிள்ளை தானாகவே ஆறாம் வகுப்பு வேகப் பிரிவில் சேர்க்கப்படும். வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக்கொடுக்க வேண்டும். கேட்டுப் பெற வேண்டியது, மறுத்தால்தான் போகும் என்று ஆகிவிட்டது. இதுவரை வந்த ஏற்பாடுகளில் எனக்கு உருப்படியாகத் தெரிவது இதுதான், கூடவே சிகாகோ மாதிரி இரண்டாம் பீரியட் இருந்தால்.

## புதிதாகப் போகும் குடும்பங்களுக்கு

ஊரிலிருந்து ஏழாம், எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் மதிப்பெண் பட்டியலில் ‘கணிதம்’ என்று மட்டும் இருக்கும். அல்ஜீப்ரா 1 முடித்தாரா என்ற கட்டத்தில் ‘டிக்’ போட அங்கே உள்ள ஆலோசகருக்கு எதுவும் கிடைக்காது. ஒன்பது முடித்த பிள்ளை இருபடிக் கோவைகளைக் காரணிப்படுத்திக்கொண்டிருக்கும், வட்டத் தேற்றமும் தெரிந்திருக்கும், ஆனாலும் அல்ஜீப்ரா 1-இல் உட்கார வைத்துவிடுவார்கள்.

1. பாடப்புத்தகத்தின் பொருளடக்கப் பக்கங்களை ஆங்கிலத்தில் எடுத்துப் போங்கள். மதிப்பெண்ணைவிட அது பேசும்.
2. நிலை அறியும் தேர்வு உண்டா என்று சேர்க்கையன்றே கேளுங்கள். ஜியோமெட்ரிக்குச் சேரலாமா என்பதை அது தீர்க்கும்.
3. கலிபோர்னியாவில் 2015-இல் வந்த ஒரு சட்டப்படி, ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவர்களை எந்தக் கணக்குப் பாடத்தில் போடுவது என்பதற்குப் பள்ளி நிர்வாகம் எழுத்தில் கொள்கை வைத்திருக்க வேண்டும். கல்வியாண்டின் முதல் மாதத்துக்குள் ஒரு முறையாவது அதைச் சரிபார்க்க வேண்டும். பெற்றோர் ஆட்சேபிக்க வழியும் இருக்க வேண்டும். முதல் மாதம் போய்விட்டால் பாடம் மாற்றுவது கஷ்டம்.
4. எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. ஊரில் முதல் ரேங்க் என்று அடம்பிடித்து நேராக அல்ஜீப்ரா 2-இல் சேர்த்துவிடுவது. அமெரிக்க ஜியோமெட்ரி பாடத்தில் வடிவங்களைத் திருப்பி, நகர்த்தி, பிரதிபலித்து நிரூபிக்கும் பகுதி நம் புத்தகத்தில் அந்த அளவு இல்லை. வார்த்தைகளில் காரணம் எழுதச் சொல்வதும் புதிது. அந்த ஒரு வருடத்தைத் தாண்டலாமா என்பதை அந்தப் பள்ளியின் ஜியோமெட்ரி இறுதித் தேர்வு மாதிரி ஒன்றை வாங்கிப் பிள்ளையைப் போட்டுப் பார்க்கச் சொல்லி முடிவுசெய்யலாம்.
5. ஐந்தாம் வகுப்பிலோ ஆறிலோ பிள்ளை இருந்தால், அந்தப் பள்ளியில் வேகப் பிரிவுக்குத் தேர்வு எந்த மாதம், மாநிலத் தேர்வு மதிப்பெண்ணை வைத்தா, தனித் தேர்வா, தவறவிட்டால் எட்டுக்கு முன் இன்னொரு நுழைவு உண்டா என்ற மூன்றையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், ஒன்பதுக்குப் பிறகு சுருக்கப் பாடம் இருக்கிறதா என்பது நான்காவது கேள்வி.